இரண்டிலும் சேராதவை

எங்கள் வீட்டு ஷோகேஸில், கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிக் கோப்பைகள் இருக்க வேண்டிய தட்டில் இறால் பாட்டில்கள் இருக்கின்றன. சமைக்கிற இறால் இல்லை. ஒவ்வொன்றும் சுண்டுவிரலில் ஒரு கணு நீளம்தான் இருக்கும். ஸ்பிரிட்டில் ஊறி, நிறம் போய், வெளுத்துக் கிடக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஓசூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், இப்போதெல்லாம் "எங்க வீட்டம்மாவைக் கேளுங்க" என்று நகர்ந்துவிடுகிறேன்.

வீட்டம்மா கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியை. பிறந்து வளர்ந்தது ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில். நான் கிருஷ்ணகிரிக்காரன். இருபது வருஷத்துக்கு மேலாக ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். தமிழ்க்காரர், கன்னடக்காரர், தெலுங்குக்காரர், இப்போது வடக்கத்திப் பையன்கள் என்று எல்லாரும் கலந்த இடம். அத்தனை பேருக்கும் நான் 'பாய்'தான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

என் வேலை அளப்பது. டிராயிங்கில் ஒரு அளவு போட்டிருக்கும். அதற்கு மேலேயும் கீழேயும் எவ்வளவு போகலாம் என்று ஒரு டாலரன்ஸ் இருக்கும். அதற்குள் இருந்தால் பச்சைத் தொட்டி, வெளியே போனால் சிவப்புத் தொட்டி. சந்தேகம் என்றாலும் சிவப்புதான். சிவப்புத் தொட்டியில் போடுகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டுக் கட்ட வேண்டும். எந்த லாட்டில், அதாவது எந்தத் தொகுப்பில் வந்தது, எதற்காக ஒதுக்கினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்கியதும் சூப்பர்வைசர், ஆபரேட்டர், நான் எல்லோரும் அந்தத் தொட்டியைச் சுற்றி நின்று, ஒவ்வொன்றாக எடுத்து ஏன், ஏன் என்று கேட்போம். அதற்குச் சிவப்புத் தொட்டி மீட்டிங் என்று பெயர். அதில் நான் கறார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் இருக்கும். சீட்டு இல்லாமல் ஒரு பீஸ் கிடந்தால் அன்றைக்கு அந்த லைனுக்கே டீ இறங்காது.

சந்தேகத்தை ஒதுக்குவது எனக்குக் கம்பெனி கற்றுத் தந்த பழக்கம் மட்டும் இல்லை. எங்கள் பக்கம் இறாலை மீன் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று மார்க்கம் தெரிந்த பெரியவர்களுக்குள் இரண்டு பேச்சு உண்டு. மீன் என்றால் சாப்பிடலாம், மீன் இல்லையென்றால் கூடாது. என் அம்மா அந்த வம்புக்கே போவதில்லை. "சந்தேகமா இருக்குதா, விட்டுடு. உலகத்துல வேற சோறா இல்ல?" என்பாள். என் மனைவி வீட்டில் அந்தச் சந்தேகமே கிடையாது. அவர்களுக்கு இறால் இல்லாத வெள்ளிக்கிழமை ஒரு வெள்ளிக்கிழமையே இல்லை. கல்யாணமான புதிதில் அவள் சமைத்த இறாலை நான் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டதை அம்மா கதவோரம் நின்று பார்த்தாள். அந்தச் சட்டியை மட்டும் தனியாகக் கழுவச் சொன்னாள்.

இப்போது ஆராய்ச்சிக்கு வருகிறேன். மனைவியின் ஊர்க் கடற்கரையில், தண்ணீர் வற்றும் நேரத்தில் பாறைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் குழிகளில் கடல்நீர் தேங்கி நிற்கும். அதற்குள் இந்த இறால்கள் இருக்கும். உயிரோடு இருக்கும்போது கண்ணாடி மாதிரி. நிழல்தான் முதலில் தெரியும், இறால் பிறகுதான் தெரியும். இதே சாயலில், கழிமுகத்தில் அமைதியான தண்ணீரில் வாழும் ஒன்று உண்டு. அதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். புத்தகத்தில் படம் இருக்கிறது. தலைக்கு முன்னால் ரம்பம் மாதிரி பல்லுள்ள ஒரு நீளக் கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். பாறைக் குழி இறாலுக்கோ கொம்பு குட்டை. முன்காலின் இடுக்கியும் தடித்திருக்கும். இது வேறு இனம், இதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை என்பது என் மனைவியின் நம்பிக்கை. சின்னப் பிள்ளையிலிருந்தே இரண்டும் வேறென்று தனக்குத் தெரியும் என்பாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் நாங்கள் அங்கே போய் பாறைக் குழி, கழிமுகம், படகுத்துறைக் கற்கள் என்று ஓரிடம் விடாமல் பிடித்து, பாட்டில் பாட்டிலாகக் கொண்டுவந்தோம். அவள் வலையைப் பிடிப்பாள், நான் வாளியைப் பிடிப்பேன்.

வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்குப் பதிந்தவள் அவள். கல்லூரி வேலை, விடைத்தாள் திருத்தல், என் அம்மாவின் கண் ஆபரேஷன் என்று வருஷங்கள் ஓடி, கேட்கக் கூடிய நீட்டிப்பு எல்லாம் கேட்டு முடித்தாயிற்று. கடைசி நீட்டிப்பில் இருந்தாள். அவளுடைய கைடு ஒரு நாள் போனில் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். "புது இனம்னு நிரூபிச்சா தீசிஸ் நிக்கும்மா. இல்லன்னா பத்தோட பதினொண்ணு. அதுக்கு மேல நான் ஒண்ணும் செய்ய முடியாது." போனை வைத்துவிட்டு அவள் வெகுநேரம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டம் கிடைக்காவிட்டால் கல்லூரியில் அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் முன்னால் போய்விடுவார்கள் என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை, அத்தனை வருஷமும் வீணா என்பது. வாய்விட்டு அவள் அதைச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

நிரூபிப்பது என்றால் அளப்பதுதான். ஒவ்வொரு இறாலிலும் கொம்பு எவ்வளவு நீளம், முதுகு ஓடு எவ்வளவு நீளம், முன்காலில் மணிக்கட்டு எவ்வளவு, இடுக்கி எவ்வளவு என்று அளந்து ஒன்றை மற்றொன்றால் வகுக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தன. அவளுக்கோ மைக்ராஸ்கோப்பில் அரைமணி குனிந்தால் கழுத்து நரம்பு இழுத்துக்கொள்ளும். நான்தான் சொன்னேன், "ஏம்மா, நான் எதுக்கு இருக்கேன்? பொழுதன்னிக்கும் இதைத்தானே செய்யறேன்" என்று. வேலியில் போகிற ஓணானை நானாகத்தான் எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

அந்தச் சமயம் சிட்கோ எஸ்டேட்டில் மூடிப்போன ஒரு சின்ன பட்டறையின் சாமான்கள் பழைய இரும்புக் கடைக்கு வந்திருந்தன. அதில் ஒரு டூல்ரூம் மைக்ராஸ்கோப் கிடைத்தது. திருகைச் சுற்றினால் மேடை நகரும், மைக்ரான் வரை படிக்கலாம். துடைத்து, எண்ணெய் போட்டு, சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் விடிகாலையில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் மதியச் சோறு வரைக்கும் இறால்தான். உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்திருந்தது. கம்பெனியில் ஒரே பாகம் ஆயிரம் தடவை வரும். இங்கே ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஒன்றின் கொம்பில் மேலே எட்டுப் பல், அடுத்ததில் ஏழு. ஒன்று வயிற்றில் முட்டையோடு இருக்கும்.

மனைவி எனக்கு மூன்று விதி சொல்லியிருந்தாள். இறாலை நசுக்காமல் பிடிக்க வேண்டும். சீட்டைப் பென்சிலால்தான் எழுத வேண்டும், பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். கொம்பு உடைந்ததை அளக்காமல் தனியாக ஒதுக்க வேண்டும். அளவுகள் எழுத ஒரு தாள் போட்டுத் தந்தாள். அதில் இரண்டு பத்தி. இடது பக்கம் நெட்டைக்கொம்பு, வலது பக்கம் குட்டைக்கொம்பு. இன்ன விகிதத்துக்கு மேலே போனால் இடது, இன்னதற்குக் கீழே வந்தால் வலது என்று மேலே எழுதியிருந்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளிதான் புது இனத்துக்கு ஆதாரம்.

உடைந்ததைப் போட நான் சிவப்பு மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வைத்தேன். பழக்க தோஷம். உடைந்தவை அதற்குள் போயின. கொஞ்ச நாளில், உடையாமல் முழுசாக இருந்தும் அளவு இடதிலும் சேராமல் வலதிலும் சேராமல் நடுவில் நிற்கிற ஒன்று வந்தது. மூன்று தடவை அளந்தேன். அதே அளவு. தாளில் அதற்கு இடம் இல்லை. ஏதோ கோளாறான பிறவி என்று நினைத்து அதையும் சிவப்பு டப்பாவில் போட்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. டாலரன்ஸுக்கு வெளியே என்றால் வெளியேதான். அதையும், பிறகு அதே மாதிரி வந்த ஒவ்வொன்றையும் ஒரு குட்டிக் குப்பியில் இட்டு, பென்சிலால் சீட்டு எழுதிப் போட்டேன். மேலே பாட்டில் எண், கீழே காரணம்: 'ரெண்டிலும் சேரவில்லை.' கையெழுத்தும் போட்டேன். அவள் என்றைக்காவது அந்த டப்பாவைப் பார்த்தால், உடைந்த கொம்புகள் என்றே நினைத்துக்கொள்வாள். நானும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை.

அளந்து முடித்த அன்று அவள் வரைபடம் போட்டாள். இடது பக்கம் ஒரு கூட்டம் புள்ளிகள், வலது பக்கம் ஒரு கூட்டம், நடுவே துடைத்து வைத்த மாதிரி வெற்றிடம். அவள் முகத்தை அப்படி நான் பார்த்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது. "இவ்வளவு சுத்தமா வரும்னு நானே நினைக்கலைங்க," என்றாள். பிறகு, புது இனத்துக்கு ஆராய்ச்சி செய்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது வழக்கமில்லை, மற்றவர் பெயரை வைக்கலாம் என்று சொல்லிவிட்டு, "உங்க பேரை வெச்சிடறேன்," என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். மறுநாள் காகிதத்தில் என் பெயரை லத்தீன் மாதிரி வால் வைத்து எழுதிக் காட்டினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தவளை தன் வாயால் கெடும். நான் கேன்டீனில் சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் கன்னடக்காரர், எதையும் சிரிக்காமல் கேலி செய்கிறவர். "ஏனு பாய், சுதந்திரத்துக்குப் போராடினவங்க பேரை ரோடுக்குத்தான் வெப்பாங்க. உங்க பேரைக் கொழம்புலயே வெக்கிறாங்களா?" என்றார். அன்றிலிருந்து நான் 'இறால் பாய்'. கோபப்பட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை. உள்ளுக்குள் இனித்தது. சம்பளச் சீட்டில் மட்டும் இருந்த பெயர் உலகத்துப் புத்தகத்தில் ஏறப்போகிறது, கசக்குமா?

ஆய்வேட்டைக் கொடுக்க ஐந்து வாரம் இருந்தது. அதன் சுருக்கத்தைப் பல்கலைக்கழகத்துக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டாள். அதில் புது இனம் என்றே எழுதியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கொத்துமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் முக்கியமான அத்தியாயத்தைத் தமிழில் மாற்றி மாற்றி எனக்குப் படித்துச் சொன்னாள். எனக்குப் புரிந்தால் பரீட்சகருக்கும் புரியும் என்பது அவள் கணக்கு. படித்துக்கொண்டே வந்தவள், "சேகரித்த மாதிரிகளில் இரண்டுக்கும் இடைப்பட்ட அளவுள்ளது ஒன்றுகூட இல்லை," என்று வாசித்தாள்.

என் கையில் இருந்த கொத்துமல்லி அப்படியே நின்றது. "என்னங்க, புரியலையா?" என்றாள். "புரியுது, மேலே படி," என்றேன். எனக்கு நன்றாகவே புரிந்துவிட்டது.

அவள் கல்லூரிக்குப் போன பிறகு, செகண்ட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்புமுன் டப்பாவைத் திறந்தேன். உடைந்தவற்றைத் தள்ளிவிட்டு எண்ணினேன். முப்பத்தியொன்று. ஒன்றிரண்டு என்றால் கோளாறு எனலாம். முப்பத்தியொன்றை என்ன சொல்வது? எல்லாவற்றிலும் என் கையெழுத்து. நான் இத்தனை காலம் அந்த வெற்றிடத்தை என் கையாலேயே துடைத்து வைத்திருக்கிறேன். அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள்.

சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. எட்டு நாள் சொல்லவில்லை. அதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். டப்பாவை அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். இது உனக்காக இல்லை, அவளுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்து வாரத்தில் அவள் என்ன செய்வாள், பாவம். யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கப்போவதில்லை. இறாலுக்கு என்ன நஷ்டம். இப்படியெல்லாம் நியாயம் பேசினேன். அதற்கடியில் என் பெயர் இருந்தது. அவளுடைய பட்டம் பாதி, என் பெயர் பாதி. எந்தப் பாதி பெரிதென்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. வீட்டில் சோறு இறங்கவில்லை. அவள் உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அது இன்னும் மோசம்.

ஒன்பதாம் நாள் காலை கம்பெனியில் சிவப்புத் தொட்டி மீட்டிங். தொட்டியில் ஒரு பீஸ் சீட்டில்லாமல் கிடந்தது. நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். "யாரு போட்டது? மறைச்சா போயிடும்னு நினைப்பா? மறைச்ச ரிஜெக்ட் வண்டியில போய் உக்காரும், வண்டியில ஒரு குடும்பம் உக்காரும், தெரியும்ல?" இருபது வருஷமாகச் சொல்கிற வசனம், வாய்ப்பாடமாக வருகிறது. பாதியில் நிறுத்திவிட்டு அந்தப் பீஸையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, "பாய், உடம்புக்கு ஏதாச்சும் ஆச்சா?" என்று கேட்டார். இந்தத் தடவை கேலி இல்லை. மற்ற சீட்டுகளைப் படித்து முடித்தேன்.

அன்று மாலை அவள் கிருஷ்ணகிரி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து முகம் கழுவும் வரைக்கும் காத்திருந்தேன். பிறகு சாப்பாட்டு மேஜையில் டப்பாவை வைத்தேன். "கொஞ்சம் உக்காரு. சிவப்புத் தொட்டி மீட்டிங் போடணும்," என்றேன். சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள்.

முதல் குப்பியை எடுத்துச் சீட்டைப் படித்தாள். இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"இதெல்லாம் உடைஞ்சதுன்னுல்ல நினைச்சேன்."

"உடைஞ்சது அடியில இருக்குது. இது முழுசு."

"எதுக்கு ஒதுக்கினீங்க?"

"டாலரன்ஸுக்கு வெளியே இருந்துச்சு."

"டாலரன்ஸ் யாரு குடுத்தா?"

"நீ குடுத்த தாள்லதான்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்கு டிராயிங் முதல்ல வரும், பீஸ் அப்புறம் வரும். இதுக்கு டிராயிங் கிடையாதுங்க. இதுங்களைப் பார்த்துத்தான் நாம டிராயிங்கே போடணும். சேராதது வந்தா டிராயிங் தப்புன்னு அர்த்தம். இறால் தப்பா இருக்க முடியாது," என்றாள். பிறகு, "எப்ப தெரியும்?" என்று கேட்டாள். எட்டு நாள் முன்னால் என்றேன். அப்போதுதான் அழுதாள். முப்பத்தியொன்றுக்காக இல்லை, அந்த எட்டு நாளுக்காக. நானும் அழுதேன். மன்னிச்சிடு என்று சொன்னேன். அவள் சரி என்று சொல்லவில்லை. எழுந்து போய் உலை வைத்தாள்.

மறுநாள் கல்லூரிக்கு லீவு போட்டாள். கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டு முப்பத்தியொன்றையும் அவளே அளந்தாள். என் அளவுகளில் ஒன்றுகூடப் பிசகவில்லை. அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியாக வைத்தாள். வெற்றிடம் கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்தது. கடைசிப் புள்ளி விழுந்தபோது இடது கூட்டமும் வலது கூட்டமும் ஒரே கூட்டமாகிவிட்டன. எங்கே கோடு போட்டுப் பிரிப்பது என்று எனக்கே தெரியவில்லை. "போச்சு," என்றாள். என் பெயர் எழுதிய காகிதம் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அதை உருவி எடுத்து மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் சீட்டுகளை மறுபடி ஒவ்வொன்றாகப் படித்தாள். பாட்டில் எண்களைத் தன் நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டாள். ஒரு எண், இன்னொரு எண், இன்னொன்று. திடீரென்று நிமிர்ந்து, "ஏங்க, இது எல்லாமே படகுத்துறைக் கல்லுங்க," என்றாள். கழிமுகத்துக்கும் பாறைக்கும் நடுவில் இருப்பதுதான் படகுத்துறை. அலை பாதி அடிக்கும், பாதி அடங்கியிருக்கும். அமைதியான தண்ணீரில் கொம்பு நீளம். அலை மோதும் குழியில் குட்டை. நடுவில் இருப்பது நடுத்தரம். ஒரே இனம், தான் வாழும் தண்ணீருக்கு ஏற்றபடி மாறிக்கொண்டே போகிறது. நான் கம்பெனிப் பழக்கத்தில், லாட் எண் எழுதுகிற மாதிரி பாட்டில் எண்ணை எழுதியிருக்காவிட்டால் எது எங்கே பிடித்தது என்று தெரிந்திருக்காது. அவள் அதைச் சொன்னாள். என்னைச் சமாதானப்படுத்தச் சொல்லவில்லை. ஆராய்ச்சிக்காரி கண்டதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

கைடு போனில் கத்தினார். மூன்றரை வாரத்தில் தலைகீழாக மாற்றி எழுதப்போகிறாயா, சுருக்கத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு ஏட்டில் வேறொன்றைச் சொன்னால் பரீட்சகர் சும்மா விடுவாரா, பட்டமே போனாலும் போகும் என்றார். "போனா போகட்டும் சார்," என்றாள் இவள். அந்த மூன்றரை வாரமும் நான் சமைத்தேன். அம்மா கிருஷ்ணகிரியிலிருந்து ஒத்தாசைக்கு வந்திருந்தாள். மேஜை நிறையப் பரப்பியிருந்த குப்பிகளைப் பார்த்து, "கடைசியில இது எதுல சேந்துச்சு?" என்று கேட்டாள். இரண்டும் ஒன்றுதானாம் என்றேன். "அப்ப இத்தனை நாளா எதைப் பிரிச்சிக்கிட்டு இருந்தீங்க?" என்றாள். மனைவி எழுதுவதை நிறுத்திவிட்டு, "அதைத்தான் மாமி எழுதறேன்," என்றாள்.

கடைசி நாளில் ஏட்டைக் கொடுத்தாள். ஏழெட்டு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்தில் வாய்மொழித் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். ஓசூரிலிருந்து பஸ் ஏறி சேலம், மதுரை என்று மாறி மாறிப் போனோம். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மடியில் பை வைத்திருந்தேன். பைக்குள் சிவப்பு டப்பா இருந்தது. கேட்டால் காட்ட வேண்டும் என்று அவள்தான் எடுத்துவரச் சொன்னாள்.

தேர்வு நடந்த அறையில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் படம் காட்டிப் பேசி முடித்தாள். வெளியிலிருந்து வந்த பரீட்சகர், நரைத்த தலை, மெல்லிய குரல். சுருக்கத்தை ஒரு கையிலும் ஏட்டை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டார். "இதுல புது இனம்னு சொல்றீங்க. அதுல பழைய இனம்தான்னு சொல்றீங்க. இந்த முப்பத்தியோரு மாதிரியும் இல்லாம இருந்தா, உங்க புது இனத்தை நானே ஒத்துக்கிட்டிருப்பேன். முதல்ல இது எங்க போச்சு, அப்புறம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

கணவர் தப்பு செய்துவிட்டார் என்று சொல்லிவிடு, அது உண்மைதானே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"தப்பு என்னோடது சார்," என்றாள். "தாள்ல ரெண்டு பத்திதான் போட்டேன். எதுலயும் சேராததுக்கு ஒரு பத்தி வேணும்னு எனக்குத் தோணலை. எனக்கு வேண்டிய பதிலை முதல்லயே எழுதிட்டு, அளவை அப்புறம் கேட்டிருக்கேன். அளந்தவர் இதை ஒதுக்கிட்டார். ஆனா அவர் வேலை பார்க்கிற இடத்துல ஒதுக்கினதைத் தூக்கிப்போடற வழக்கம் இல்லை. ஒவ்வொண்ணுக்கும் எங்கேர்ந்து வந்துச்சு, ஏன் ஒதுக்கினேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு வெச்சிருந்தார். தூக்கிப் போட்டிருந்தார்னா, இன்னைக்கு நான் ஒரு பொய்யை உங்க முன்னாடி நிரூபிச்சிட்டு நின்னிருப்பேன்."

பரீட்சகர் ஏட்டைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். "அளந்தவர் யாரும்மா?" என்று கேட்டார்.

அவள் கையை நீட்டிக் கடைசி வரிசையைக் காட்டினாள். முப்பது நாற்பது தலையும் திரும்பியது. எழுந்து நிற்க வேண்டுமா, உட்கார்ந்தே இருக்கலாமா என்று தெரியாமல், மடியில் இருந்த டப்பாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்து நின்றேன்.